உறையாத குருதி: ஒரு நஞ்சின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே, 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் பிற்பகுதியில், வைத்தியர்களைத் திகைக்கவைத்த நோயாளர் சிலர் வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கினர். சிலருக்குச் சிறுநீருடன் குருதி கலந்து வந்தது. சிலருக்கு மூக்கிலும் பல்முரசிலும் குருதி கசிந்து நிற்காதிருந்தது. வேறு சிலர் தாங்கொணா வயிற்றுவலியால் துடித்தனர். அவர்கள் காயம்பட்டவர்களல்லர், பரம்பரையாகக் குருதிநோய் உடையவர்களுமல்லர். பியோரியா நகரில் மாத்திரம் நான்கு வாரத்துக்குள் 34 பேர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். சுகமடைந்ததாக எண்ணி வீடு சென்று, மீண்டும் குருதி பெருகித் திரும்பியோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த 34 பேரும் 45 தடவை அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மூளையிற் குருதி பெருகி இறந்தார். மாநிலம் முழுவதிலும் பாதிக்கப்பட்டோர் தொகை 150ஐத் தாண்டியது. மேலும் சிலர் மாண்டனர்.

அனைவரும் செயற்கைக் கஞ்சா எனப்படும் ஒன்றைப் புகைத்தவர்கள். பியோரியாவில் 15 பேருடைய குருதி விசேட பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. பதினைந்திலும் குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சு காணப்பட்டது. புரோடிபக்கூம் என்பது அதன் பெயர். அஃது எலிப்பாசாணம்.

இத்தகைய செய்தியை வாசிப்போர், "தாமே தேடிக்கொண்ட வினை" எனக் கூறித் தாளை மடித்து வைத்தல் இயல்பு. ஆயினும் அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது, அதற்கு மாற்றுமருந்து எவ்வளவு காலமாக உலகுக்குத் தெரியும், அம்மருந்து ஏன் நோயாளியின் கைக்கு எளிதில் எட்டவில்லை என்ற வினாக்களை எழுப்புவோமாயின், கதை பியோரியாவில் தொடங்கவில்லை என்பது புலனாகும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், வட அமெரிக்கச் சமவெளிகளின் மாட்டுத் தொழுவங்களிலே அது தொடங்குகின்றது.

வளங்குன்றிய நிலத்திலும் வரட்சியிலும் தாக்குப்பிடித்து வளரும் என்பதனால், இனிப்புக் குளோவர் என்னும் அவரையினத் தீவனப் பயிரை அப்பகுதி விவசாயிகள் விரும்பிப் பயிரிட்டனர். மழை மிகுந்த ஆண்டுகளில், அறுத்து உலர்த்தி வைத்த குளோவரிற் பூஞ்சணம் பிடித்தது. 1920களின் தொடக்கத்தில் கனடாவிலும் வட டக்கோட்டாவிலும் மாடுகள் விசித்திரமான முறையில் இறக்கலாயின. கொம்பு தறித்த கன்று, நலமடித்த காளை, கன்றீன்ற பசு ஆகியன சிறு காயத்திலிருந்து வடியும் குருதி நிற்காமலே செத்தன. காயமெதுவும் இல்லாத மாடுகளும் உடலுக்குள்ளே குருதி பெருகி விழுந்தன. தொற்றுநோயென முதலில் ஐயுற்றனர். கிருமி எதுவும் அகப்படவில்லை.

இதன் காரணத்தை முதலில் வெளிப்படுத்தியவர் ஒன்ராறியோ மிருகவைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த பிராங் ஸ்கோபீல்ட். ஒரே உலர்தீவனக் குவியலிலிருந்து நல்ல தண்டுகளையும் பூஞ்சணம் பிடித்த தண்டுகளையும் வேறுபிரித்து, தனித்தனி முயல்களுக்கு ஊட்டினார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது. கெட்டதைத் தின்றது குருதி பெருகி இறந்தது. இவ்வளவு எளிய பரிசோதனையால் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது. இந்த ஸ்கோபீல்ட் கொரியாவின் வரலாற்றிலும் இடம்பெற்றவர். ஜப்பானிய ஆட்சிக்கெதிராக 1919இல் கொரிய மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அங்கே மிஷனரியாகப் பணியாற்றிய அவர், எரிக்கப்பட்ட கிராமங்களைப் புகைப்படமெடுத்து உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்நாட்டைவிட்டு நீங்கினார். ஆட்சியாளர் மறைக்க விரும்பியதைப் பார்த்துப் பழகிய கண்ணே தொழுவத்தின் மூலையிலும் உண்மையைக் கண்டது என்று எண்ணத் தோன்றுகிறது. 1970இல் மறைந்த அவருடைய உடல் சோல் நகரின் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

கெட்ட தீவனத்தை மாட்டுக்கு இடாதீர் என்பதே ஸ்கோபீல்ட் கூறிய பரிகாரம். அறிவுரை சரியானதே. ஆனால் வேறு தீவனம் வாங்கப் பணமில்லாதவனுக்கு அவ்வறிவுரையால் யாது பயன்?

1933ஆம் ஆண்டு பெப்ரவரியில், பொருளாதார மந்தம் அமெரிக்க விவசாயியை நசுக்கிக்கொண்டிருந்த வேளையில், விஸ்கொன்சின் மாநிலத்தின் விவசாயி ஒருவர் கடும் பனிப்புயலினூடே 190 மைல் வண்டியோட்டி மடிசன் நகரை அடைந்தார். வண்டியிலே செத்த கிடாரி ஒன்று. பாற்கலன் நிறைய உறையாத குருதி. ஏறக்குறைய நூறு இறாத்தல் கெட்டுப்போன குளோவர். அன்று சனிக்கிழமை. அவர் தேடிவந்த அலுவலகம் பூட்டிக்கிடந்தது. திறந்திருந்த கதவொன்றுக்குள் நுழைந்தார். அது விவசாய இரசாயனப் பேராசிரியர் கார்ல் போல் லிங்கின் ஆய்வுகூடம். லிங்கினாலும் அன்று ஸ்கோபீல்டின் அறிவுரையையே திருப்பிக்கூற முடிந்தது. விவசாயி வந்த வழியே இருளிற் திரும்பிச் சென்றார். ஆனால் கலத்திலிருந்த குருதி ஆய்வுகூடத்தில் நின்றுவிட்டது.

அதன்பின் ஆறாண்டு உழைப்பு. குளோவரின் இனிய மணத்துக்குக் காரணமான குமரின் என்னும் பொருளே பூஞ்சணத்தால் மாற்றமுற்று நஞ்சாகிறது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1939 ஜூன் மாத இறுதியில், லிங்கின் மாணவர் ஹரல்ட் கம்பெல் அந்த நஞ்சைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். கிடைத்தது ஆறு மில்லிகிராம். அதற்கு டைக்குமரோல் எனப் பெயரிட்டனர். 1941 அளவில், குருதிக்கட்டியால் வருந்தும் நோயாளருக்கு அதனை மருந்தாகக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டனர் அமெரிக்க வைத்தியர்.

இஃது இவ்வாறாக, அத்திலாந்திக்கின் மறுகரையிலே வேறோர் ஆராய்ச்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. கோப்பன்கேகனில் ஹென்றிக் டாம் என்பவர், கொழுப்பு நீக்கிய உணவில் வளர்த்த கோழிக்குஞ்சுகள் குருதி பெருகி இறப்பதை 1929இல் அவதானித்தார். குருதி உறைவதற்கு இன்றியமையாத ஒரு விற்றமின் உண்டென்பதை 1935 அளவில் நிறுவி, உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தால் அதனை விற்றமின் கே என அழைத்தார். பச்சை இலைகளில் அது மலிந்துள்ளது. அமெரிக்கரான எட்வேர்ட் டோய்சியுடன் 1943ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசு அவருக்குக் கிட்டியது. நஞ்சும் மாற்றும் இங்கே சந்திக்கின்றன. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் சிலவற்றை ஈரல் ஆக்குவதற்கு விற்றமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட விற்றமினை உடல் புதுக்கி மீண்டும் பயன்படுத்துகின்றது. குளோவர் நஞ்சு அப் புதுக்கும் வேலையைத் தடுத்துவிடுகின்றது. வேண்டிய அளவு விற்றமினைக் கொடுத்தால் ஈரல் மீண்டும் தொழிற்படும். 1940களின் தொடக்கத்திலேயே இவ்வுண்மை வைத்திய உலகுக்குத் தெரிந்திருந்தது. இதனை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும், பின்னர் தேவைப்படும்.

1945இல் நோயுற்றுச் சுகநிலையமொன்றிற் கிடந்த லிங், பொழுதுபோக்காக எலியொழிப்பு வரலாற்றைப் படித்தார். எலி சந்தேகப் பிராணி. ஒன்று தின்று உடனே செத்தால் மற்றவை அவ்விரையைத் தொடா. நாட்கணக்கிற் தின்றபின் மெல்லக் கொல்லும் நஞ்சாயின் அவற்றுக்கு ஐயம் எழாது. இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே வார்பரின். ஆராய்ச்சிக்குப் பணமுதவிய விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரெழுத்துக்களைக் கொண்டே அப்பெயர் ஆக்கப்பட்டது. 1948இல் அது சந்தைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையிற் சேர்க்கப்பட்ட ஒருவர் தற்கொலை நோக்குடன் அதனை நாட்கணக்கில் உட்கொண்டார்; விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றப்பட்டார். எலிப்பாசாணம் மனிதருக்கு மருந்தாகலாம் என்ற துணிவு இதன்பின் வலுப்பெற்றது. 1954இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மறுவருடம் மாரடைப்புற்ற சனாதிபதி ஐசன்ஹோவருக்கே அது கொடுக்கப்பட்டது. ஒரு விவசாயியின் செத்த கிடாரியிலிருந்து நாட்டின் தலைவரது இருதயம்வரை சென்ற இப்பயணத்தை விஞ்ஞானத்தின் பெருமைக்குரிய அத்தியாயங்களுள் ஒன்றெனக் கூறுவதிற் தவறில்லை.

எலிகளோ தோற்றுவிடவில்லை. வார்பரினுக்கு இசைவுபெற்ற எலிகள் 1958இல் ஸ்கொத்லாந்திற் காணப்பட்டன. பின்னர் வேறிடங்களிலும் பெருகின. ஆகவே 1970களில் இரண்டாந் தலைமுறை நஞ்சுகள் ஆக்கப்பட்டன. புரோடிபக்கூம் அவற்றுள் ஒன்று. அதன் வலிமை பன்மடங்கு அதிகம். அதைவிடப் பாரதூரமானது அதன் ஆயுள். வார்பரின் சில நாட்களில் உடலைவிட்டு நீங்கும். புரோடிபக்கூம் ஈரலிற் குடியேறி, வாரக்கணக்கில், சிலரில் மாதக்கணக்கில் தங்கிவிடும். பியோரியாவின் நோயாளர் வீடு சென்று மீண்டும் மீண்டும் திரும்பியதன் காரணம் இதுவே.

எலி எங்கே வாழ்கிறது? உடைந்த சுவரும் அகற்றப்படாத குப்பையும் உள்ள இடத்தில். எனவே எலிப்பாசாணமும் அங்கேதான் மிகுதியாக வைக்கப்படும். அங்குள்ள குழந்தையின் கைக்கே அது முதலில் எட்டும். இரையிற் கசப்புப் பொருளும், உண்டவரைக் காட்டிக்கொடுக்கும் நிறமும் சேர்க்கவேண்டுமென அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவர் நிலையம் 1998இல் விதித்தது. உற்பத்தியாளருடன் கலந்தாலோசித்தபின் 2001இல் அவ்விதியைக் கைவிட்டது. நியூயோர்க்கின் ஹாலம் பகுதி மக்கள் இயக்கமொன்றும் சூழல் அமைப்பொன்றும் 2004இல் நீதிமன்றஞ் சென்றன. நஞ்சுண்ட குழந்தைகளிற் கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழியினரும் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டமை அவர்கள் வாதத்தின் அடிப்படை. கசப்புப் பொருளைக் கைவிட்டமைக்கு நியாயமான ஆதாரமில்லையென நீதிமன்றம் 2005இற் தீர்த்தது. 2008இல், சாதாரண வீட்டுப் பாவனைக்கு இரண்டாந் தலைமுறை நஞ்சுகளை விற்பதற்கு எதிராக முகவர் நிலையம் முடிவெடுத்தது. பெயர்பெற்ற உற்பத்தி நிறுவனமொன்று அதற்கு இணங்க மறுத்துப் போராடி, 2014இலேயே பணிந்தது. ஆறு ஆண்டுகள்! அதற்கிடையில் எத்தனை குழந்தைகள் அந்தப் பெட்டிகளுக்கருகே தவழ்ந்திருப்பர்!

இந்த நஞ்சு புகைக்கும் பொதிக்குள் நுழைந்ததை நோக்குமுன், அதே நாட்டில் நிகழ்ந்த பழைய சம்பவமொன்றை நினைவுகூர்தல் தகும். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு நிலவியது. வசதியுள்ளோர் களவாக நல்ல மது பெற்றனர். ஏழைகள் மருந்துக்கடையில் மலிவாக விற்கப்பட்ட, மதுசாரம் மிகுந்த ஜமேக்கா இஞ்சிச் சாற்றை வாங்கிக் குடித்தனர். அது குடிக்கமுடியாதவாறு காரமாக இருத்தல்வேண்டுமெனச் சட்டம் விதித்தது. பொஸ்ரன் நகர வியாபாரிகள் இருவர் இஞ்சியைக் குறைத்து, அரசாங்கப் பரிசோதனையை ஏய்ப்பதற்காக, பிளாத்திக்குத் தொழிலில் உபயோகிக்கும் ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலந்தனர். அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. 1930இன் முதன்மாதங்களில் ஒக்லகோமா முதலிய தென்பகுதிகளிற் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் காலிழுத்து நடக்கலாயினர். கலப்படஞ் செய்தோருக்குக் கிடைத்தவை அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும். முடமானோருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. அவர்களுடைய துயரை நீதிமன்றம் பதிவுசெய்ததைவிடக் கறுப்பினத்தவரும் வெள்ளையருமான நாட்டுப்புறப் பாடகர் அக்காலத்து இசைத்தட்டுக்களில் நன்கு பதிவுசெய்துள்ளனர்; இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி இது.

செயற்கைக் கஞ்சாவின் கதையிலும் ஏறக்குறைய இதே அமைப்பைக் காண்கிறோம். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹப்மன் என்ற இரசாயனப் பேராசிரியர், கஞ்சா மூளையில் எவ்வாறு தொழிற்படுகிறதென்பதை அறிவதற்காக 1990களில் பல சேர்வைகளை ஆக்கி, முடிவுகளை ஆய்வேடுகளில் வெளியிட்டார். 2000களின் பிற்பாதியில் யாரோ அவற்றைப் படித்து, அச்சேர்வைகளைத் தயாரித்து, உலர்ந்த இலைகளில் தெளித்து, ஸ்பைஸ், கே2 என்னும் பெயர்களில் மினுங்கும் பொதிகளில் அடைத்து விற்றனர். மனிதப் பாவனைக்கன்று என்ற வாசகம் பொதியிலே அச்சிடப்பட்டிருந்தது. சட்டத்துக்கு அவ்வளவு போதுமாயிருந்தது போலும். 2011இல் முதற்சில சேர்வைகள் தடைசெய்யப்பட்டன. உற்பத்தியாளர் மூலக்கூற்றைச் சிறிது மாற்றினர். சட்டம் மறுபடி துரத்தியது. மூலக்கூறு மறுபடி மாறியது. ஒவ்வொரு மாற்றத்துடனும், உள்ளே யாது உள்ளதென்பது விற்பவனுக்கே தெரியாத நிலை வளர்ந்தது.

இயற்கைக் கஞ்சா இருக்க இதனை ஏன் நாடினர்? மலிவு ஒரு காரணம். மற்றையது கூர்ந்து நோக்கற்பாலது. வேலை தேடுவோரும், சிறையிலிருந்து நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்டோரும் அந்நாட்டிலே சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படவேண்டியிருக்கும். கஞ்சா அதில் நாட்கணக்கிற் தெரியும். செயற்கைப் பொருள் சாதாரண பரிசோதனையில் அகப்படாது. குறைந்த தீங்குள்ளதைத் தண்டித்து, கூடிய தீங்குள்ளதன் பக்கம் மனிதரைத் தள்ளியது அவர்களைக் கண்காணித்த முறையே. இல்லினோயில் வளர்ந்தோர் கஞ்சாவை வாங்கிப் பாவிப்பது 2020 ஜனவரி முதல் சட்டபூர்வமாயிற்று. குருதி பெருகியோருக்கு அது இரண்டாண்டு பிந்திய நீதி.

பியோரியா, கற்றப்பில்லர் இயந்திரக் கம்பனியின் நகரெனப் பல்லாண்டுகளாகப் பெயர்பெற்றது. 1990களில் அங்கு நடைபெற்ற நீண்ட வேலைநிறுத்தங்கள் தொழிலாளருக்கு வெற்றியளிக்கவில்லை. 2017 ஜனவரியில், கம்பனி தன் தலைமையகத்தை அந்நகரிலிருந்து அகற்றப்போவதாக அறிவித்தது. இதற்கும் நஞ்சுக்கும் நேர்த்தொடர்பு கற்பித்தல் நியாயமன்று. எனினும் மனிதர் வாழும் நகரத்தின் நிலையை விட்டு, அவர் புகைத்த பொதியை மாத்திரம் பார்ப்பதும் வரலாற்று நோக்காகாது.

எலிப்பாசாணத்தை ஏன் கலந்தார்கள்? போதைப் பொருளை அழிக்கும் ஈரலின் வேலையை மந்தப்படுத்திப் போதையை நீடிப்பதற்காக இருக்கலாமென்பது நச்சியல் அறிஞர் சிலரின் கருத்து. கஞ்சா புகைத்த இளைஞனொருவனில் இதே நஞ்சு கண்டறியப்பட்ட செய்தி 1997இலேயே வைத்திய சஞ்சிகையில் வெளிவந்துள்ளது. 2018 ஏப்ரலில் சிக்காகோவின் மேற்குப் பகுதிச் சிறுகடையொன்றைச் சேர்ந்த மூவர் கைதாகினர். இவ்வாறான வழக்குகளிற் சங்கிலியின் கடைசிக் கண்ணியே முதலில் அகப்படுவது வழமை.

இனி மாற்றுமருந்துக்கு வருவோம். நோய் எதுவென அறிந்தபின் பரிகாரம் பற்றி வைத்தியருக்கு ஐயம் இருக்கவில்லை. டாமின் கோழிக்குஞ்சுகள் தந்த விற்றமின் கே. ஆனால் புரோடிபக்கூம் உடலிற் தங்கியிருக்கும் காலம் முழுவதும் அதனைப் பேரளவில் உட்கொள்ளவேண்டும். நாளொன்றுக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை, 5 மில்லிகிராம் குளிசையாயின் 20 முதல் 30 குளிசை, அதுவும் மாதக்கணக்கில். அமெரிக்கச் சந்தையில் 2014இல் 10 டொலருக்குக் குறைவாயிருந்த அக்குளிசையொன்றின் விலை, 2015இல் 58 டொலரைத் தாண்டிவிட்டது. கண்டுபிடித்து எண்பதாண்டாகி, ஆராய்ச்சிச் செலவும் உரிமையும் எப்பொழுதோ முடிந்துபோன பொருள்! அதனை விற்ற கம்பனி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. போட்டியாளர் இல்லையென்பதைக் கண்டுபிடித்தது. அவ்விலைப்படி ஒரு நோயாளியின் ஒருநாட் குளிசை ஆயிரம் டொலரைத் தாண்டும். வேலையற்றவனும் காப்புறுதியில்லாதவனும் வைத்தியசாலையிலிருந்து துண்டுடன் வெளியேறி மருந்துக்கடை வாசலில் நின்றால் யாது செய்வான்? குளிசையின்றி வீடு சென்றவன் மறுபடி குருதி வழிய வருவான்.

செய்தி நாடெங்கும் பரவிய பின்னர், அதே கம்பனி ஏறக்குறைய எட்டு இலட்சம் குளிசைகளை இல்லினோய் மாநிலத்துக்கு நன்கொடையாக வழங்கியது. அவை வைத்தியசாலைகளினூடாக நோயாளருக்கு இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதனைக் குறைகூறுவார் எவருமிலர். எட்டு இலட்சத்தை இலவசமாகக் கொடுக்கக்கூடிய குளிசையொன்றுக்கு 58 டொலர் எவ்வாறு விலையாயிற்று என்ற வினா மாத்திரம் எஞ்சியது.

அவ்வாண்டு ஜூலையில், இந்நஞ்சு கலந்த பொருளைப் புகைத்தோர் சிலர் குருதிதானம் செய்திருந்தமை தெரியவந்து, மத்திய உணவு மருந்து நிருவாகம் குருதி வங்கிகளை எச்சரித்தது. பியோரியாவின் சிறுகடைக்கு ஒருநாளும் சென்றிராதவருடைய நாளத்துக்குள்ளும் அந்த நஞ்சு செல்லக்கூடுமென்பது அப்பொழுதுதான் பலருக்கு உறைத்தது. 2021ஆம் ஆண்டு இறுதியில் புளோரிடாவின் தம்பா பகுதியில் மீண்டும் அதே நோய், அதே நஞ்சு. அங்குள்ள வைத்தியர் இம்முறை நோயைத் தேடித் திகைக்கவில்லை; எத்தனை குளிசை கையிருப்பில் உண்டென்பதை எண்ணத் தொடங்கினர்.